மணலில் விளையும் உப்பு

கையருகே ஜப்பான் வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேற்குக் கரையில், ஜப்பான் கடலுக்குள் மடக்கி நீட்டிய விரல் மாதிரி ஒரு தீபகற்பம் தெரியும். அதுதான் நோட்டோ. பயணக் குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில். ஜப்பானில் எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப என் மனம் போய் நிற்பது நோட்டோவின் வடகோடியில், சுசு நகரத்துக் கடற்கரையில் உள்ள உப்புக் களத்தில்தான்.

உப்பைப் பார்க்க ஜப்பானுக்குப் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒருமுறை எங்கள் குழுவில் தூத்துக்குடியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். இளவயதில் உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவர் களத்தின் ஓரத்தில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நாங்க உப்பை வாருவோம். இவங்க மண்ணை வாருறாங்க பாருங்க” என்றார். நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நம் பக்கத்தில் பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சினால் வெயிலே வேலையை முடித்துவிடும். நோட்டோவில் மழை அதிகம், காற்றில் ஈரம் அதிகம். வெறும் வெயிலை நம்பி உப்பு எடுக்க முடியாது. கடல்நீரில் இருக்கும் உப்போ நூற்றுக்கு மூன்றரை பங்குதான். அதை அப்படியே காய்ச்சினால் விறகு கட்டுப்படியாகாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் மணலைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். களிமண்ணைக் கெட்டித்துத் தளம் போட்டு, அதன்மேல் மணலைப் பரப்பியிருப்பார்கள். காலையில் தோளில் காவடியாகத் தொங்கும் இரண்டு மர வாளிகளில் கடல்நீரைச் சுமந்து வருவார்கள். பிறகு அதைச் சிறு மரவாளியால் மொண்டு மணல்மேல் வீசுவார்கள்.

அந்த வீச்சைத்தான் பார்க்க வேண்டும் நேயர்களே! நம் வீட்டுப் பெண்கள் வாசல் தெளிப்பார்கள் அல்லவா, அந்த லாவகம். உடம்பு இடுப்பிலிருந்து திரும்பும். நீர் விசிறியாக விரிந்து தூறலாக விழும். ஓரிடத்தில் குழி விழாது, ஓரிடத்தில் தேங்காது. நீர் சுமக்கப் பழக மூன்று வருடம், வீசப் பழகப் பத்து வருடம் என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. நான் பார்த்த பெரியவர் ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் காற்று எந்தப் பக்கம் என்று முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வீசிய பிறகு பல்லுள்ள பலகையால் மணலில் கோடு கிழிப்பார்கள். மணல் புரண்டு சீக்கிரம் காயும், மணியில் உப்பு ஒட்டும். பிற்பகலில் அந்த மணலையெல்லாம் வாரிக் களத்தின் நடுவே மரப்பெட்டியில் கொட்டி, மறுபடி கடல்நீர் ஊற்றுவார்கள். மணலில் ஒட்டிய உப்பு கரைந்து கீழே சொட்டும். அப்போது அது நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு உப்புள்ள நீர். அதன் பிறகு இரும்புக் கொப்பரை, விறகு அடுப்பு, இரவெல்லாம் கண்விழிப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரையும் வீணாக்குவதில்லை, டோஃபு உறைய வைக்க அது வேண்டும்.

வயலுக்கு அதிக இடமில்லாத கரை இது. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட காகா நாட்டு ஆட்சியாளர்கள் இங்குள்ளவர்களுக்கு அரிசி கொடுத்து உப்பு வாங்கினார்கள். 1905-இல் உப்பு அரசின் ஏகபோகமானது. 1950களின் கடைசியில் களங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, சுசுவில் ஒரு குடும்பம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. 1997-இல் ஏகபோகம் நீங்கியது. 2008-இல் இந்தத் தொழில்முறையை நாட்டின் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அரசு அறிவித்தது. ஒரு குடும்பத்தின் பிடிவாதம் இல்லாவிட்டால் இதை அருங்காட்சியகத்தில்தான் பார்த்திருப்போம்.

உப்பு இருந்தால் ஊறவைத்த மீனும் இருக்கும். கணவாயின் குடலை உப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஊறவிட்டு வடிக்கும் சாற்றுக்கு ‘இஷிரி’ என்று பெயர். பெரிய சிப்பி ஓட்டையே சட்டியாக்கி, அதில் கணவாய்த் துண்டும் கத்தரிக்காயும் போட்டு, இந்தச் சாற்றைக் கொஞ்சம் ஊற்றி, கரியடுப்பில் கொதிக்க விடுவார்கள். முதலில் வாடை தூக்கும். கொதி வந்ததும் அந்த வாடையே மணமாகிவிடும். ஒரு கிண்ணம் சோறு போனதே தெரியாது.

நேரம் நெருங்குகிறது. பக்கத்து வாஜிமா நகரத்தின் அரக்குக் கிண்ணங்களைப் பற்றியும், கடலைப் பார்த்து இறங்கும் ஆயிரத்து நான்கு வயல்துண்டுகளைப் பற்றியும் சொல்ல இன்னொரு நாள் வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 5 அன்று, உழவர் வீட்டுத் தலைவர் விழா உடையில் வயலுக்குப் போய், வயல் தெய்வத்தை வீட்டுக்கு அழைத்து வருவார். அந்தத் தெய்வத்துக்குக் கண் தெரியாது என்பது நம்பிக்கை. அதனால் குளியல் அறைக்கு வழி சொல்லி, இலையில் பரிமாறுவதுபோல ஒவ்வொரு பதார்த்தத்தையும், “இது சோறு, இது மீன்” என்று வாய்விட்டுச் சொல்லிப் படைப்பார். கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிக்கு அத்தனை மரியாதை. 2009-இல் யுனெஸ்கோ இந்தச் சடங்கைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

2024 ஜனவரி 1 அன்று நோட்டோவில் வந்த 7.6 அளவு நிலநடுக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். வாஜிமாவின் பழைய காலைச்சந்தைத் தெரு எரிந்தது. கடற்கரை சில இடங்களில் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயர்ந்தது, கடல் பின்வாங்கியது. காலடியில் மொண்ட நீர் எட்டிப் போனால் உப்புக்காரர் என்ன செய்வார்? அதே ஆண்டு செப்டம்பரில் பெருவெள்ளமும் வந்தது.

டோக்கியோவிலிருந்து, நோட்டோவுக்குத் தெற்கே உள்ள கனாசாவா நகரத்துக்கு ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். பலரும் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் இரண்டு நாள் கூட்டி வடக்கே போங்கள். கோடைக்காலமாக இருந்தால் கடல்நீர் வீசுவதைப் பார்க்கலாம். சாலையும் விடுதியும் எப்படி இருக்கின்றன என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது நோட்டோ உப்பு ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள். அந்தக் காசு அந்தக் கரைக்கு இப்போது தேவை.