உடம்பிலுள்ள கொழுப்பு எப்போது கரையும்?

(புதுச்சேரியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுக்க ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2023-ல் வெளிவந்தது. உடல் பருமனில் முதல் இடம் யாருக்குத் தெரியுமா? நம்ம புதுச்சேரிக்குத்தான்! 20 வயதுக்கு மேற்பட்ட 100 பேரில் 53 பேருக்கு உடல் பருமன், 61 பேருக்கு வயிற்றுப் பருமன், 26 பேருக்குச் சர்க்கரை நோய்.

"ஒரு வேளைதான் சோறு சாப்பிடறேன், இளைக்கவே மாட்டேங்குதே" என்று பலரும் கேக்கறீங்க. அதுக்குக் கொழுப்பு எப்படிக் கரையுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

குழுவில் மாதாமாதம் சேமிப்பு போடறோம். அந்தப் பணத்தை நினைச்ச நேரத்தில் எடுக்க முடியுமா? தீர்மானம் வேணும், கையெழுத்து வேணும். உடம்பிலுள்ள கொழுப்பும் ஒரு சேமிப்புதான். அதை எடுக்க உத்தரவு போடுவது ஹார்மோன்கள்.

நாம சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கும். "வரவு வந்தாச்சு, சேமிப்பைத் தொடாதே" என்று இன்சுலின் கொழுப்பைப் பூட்டி வைக்கும். சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆனால் இன்சுலின் குறையும், பூட்டு தளரும். வேகமா நடக்கும்போது, வேலை செய்யும்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் கூடி, "எடு" என்று உத்தரவு போடும். அப்போதுதான் கொழுப்பு உடைந்து ரத்தத்துக்கு வரும். தசைகள் அதை எரித்துக்கொள்ளும். எரிக்காவிட்டால் திரும்பவும் சேமிப்புக்கே போய்விடும்.

இப்போ கணக்குப் பாருங்க. காலையில் சர்க்கரை போட்ட டீ, 11 மணிக்கு வடை, சாயங்காலம் மறுபடி டீயும் பிஸ்கட்டும், ராத்திரி டிவி முன்னாடி மிக்சர். சோறு ஒரு வேளைதான், ஆனா வரவு நாள் முழுக்க! பூட்டு எப்போ திறக்கும்? இடுப்பில் பெல்ட் கட்டினாலும் தைலம் தேய்த்தாலும் திறக்காது.

மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலின் பேச்சை அவ்வளவாகக் கேட்காது. உடைந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சர்க்கரை நோய்க்கு வழி செய்யும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. "இன்சுலின்தான் பூட்டு என்றால், ஊசியை நிறுத்திட்டா இளைச்சிடலாமே" என்று யாரும் நினைக்காதீங்க. இன்சுலினே இல்லாவிட்டால் கொழுப்பு வெள்ளமாக உடையும், ரத்தம் அமிலமாகும், வாந்தியும் மூச்சிரைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். இன்சுலின் மருந்து வருவதற்கு முன் இந்த நோய் கண்ட பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி இறந்துபோனார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டபிறகுதான் அந்த நிலை மாறியது. அதனால், காரணமில்லாமல் மளமளவென்று இளைத்தால் சந்தோஷப்படாமல் உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்க. மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது.

நாம செய்ய வேண்டியது:

1. இரண்டு வேளை உணவுக்கு நடுவே நொறுக்குத் தீனியும் இனிப்பு டீயும் வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர், சர்க்கரை போடாத நீர்மோர் குடிக்கலாம்.

2. தினமும் அரை மணி நேரம், வாரம் 5 நாளாவது வேகமாக நடக்கணும்.

3. தையல் டேப்பால் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்க. பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், அதாவது ஏறக்குறைய 31½ அங்குலத்துக்குள் இருக்கணும். கூடினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பாருங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கோடு இந்த அளவையும் எழுதி வையுங்க. பணச் சேமிப்பு ஏறட்டும், வயிற்றுச் சேமிப்பு இறங்கட்டும்!