அந்துப்பூச்சியின் அங்க அடையாளங்கள்

(கல்வராயன் மலையடிவாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



இராக்காலத்தில் திண்ணை விளக்கைச் சுற்றி வந்து விழும் பூச்சிகளை நாம் எல்லோரும் துடைப்பத்தால் கூட்டித் தள்ளியிருக்கிறோம். அவற்றுள் வைக்கோல் நிறமுடைய சிறு பூச்சி ஒன்று உண்டு. அதன் முன்சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்குமாயின், அது நெல்லின் தண்டு துளைக்கும் இனத்தின் பெண் என்று அறியவேண்டும். ஆண் சற்றுச் சிறியது, பழுப்பு நிறமுடையது, அப்புள்ளி அதற்குத் தெளிவாக இராது. கோமுகி அணைப் பாசனத்தில் நெல் வைத்திருப்போர் இதனை விளக்கடியில் கண்டால், குருத்துக் காய்ந்து வெண்கதிர் தோன்றும்வரை காத்திருக்கலாகாது. மறுநாட் காலையிலேயே வயலில் இறங்கிப் பார்க்கவேண்டும்.

வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் சரீர அமைப்பு ஒன்றே. தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். மார்பில் 6 கால்களும் 4 சிறகுகளும் உண்டு. எருக்கஞ்செடியை நாடி வரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக்கு நான்கு கால்கள்தானே காண்கின்றன என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். முன்னிரு கால்கள் குறுகி மார்போடு ஒடுங்கியிருத்தலே காரணம். சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டுவது மாவன்று. கூரை ஓடுபோல் அடுக்கப்பெற்ற நுண்ணிய செதில்களாம். சிறகின் நிறமும் புள்ளியும் அச்செதில்களால் அமைந்தவையே.

இரண்டையும் பிரித்தறிய மீசையைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் மீசை நுனி தடித்துத் தீக்குச்சி போலிருக்கும். அந்துப்பூச்சிக்கோ அது நூல்போல் நுனி மெலிந்தோ, இறகுபோல் கிளைத்தோ இருக்கும். ஆண் அந்து இம்மீசையால் தொலைவிலுள்ள பெண்ணின் வாசனையை அறிந்து பறந்து வருகிறது. இனக்கவர்ச்சிப் பொறி இதனைக்கொண்டே வேலை செய்கிறது. ஓர் இனத்தின் வாசனை மற்றோர் இனத்தை இழுப்பதில்லை. ஆதலால் கரும்புக்கு வாங்கியதை மக்காச்சோளத்தில் தொங்கவிட்டுப் பயனில்லை.

இனி வாயைக் கவனியுங்கள். கடிக்கும் தாடை இவற்றுக்கு இல்லை. கடிகாரச் சுருள்போல் சுருண்ட உறிஞ்சு குழல் மட்டுமே உண்டு. சில அந்துக்களுக்கு அதுவும் குன்றியிருக்கும். எனவே பறக்கும் பூச்சி பயிரைத் தின்பதில்லை. தின்பது அதன் புழு. பறப்பதைக் கண்டவுடன் மருந்து அடிப்பவர் பணத்தையும் இழக்கிறார். புழுவின் சத்துருக்களான குளவிகளையும் கொல்லுகிறார்.

பெண்ணின் வயிற்று நுனியை நம்மவர் பார்ப்பதே அரிது. நெல் அந்து இலை நுனியில் குவியலாக முட்டையிட்டு, தன் வயிற்று ரோமத்தால் அதனை மூடிவிடுகிறது. பழுப்புப் பஞ்சு ஒட்டியது போலத் தோன்றும். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் முட்டைகளும் போய்விடும். நட்ட வயலில் ஒரு சதுர மீட்டருக்கு 2 குவியல் இருப்பின், அது நடவடிக்கை எடுக்கவேண்டிய அளவு.

2018-ல் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு, அவ்வாண்டே நம் நாட்டு மக்காச்சோளத்தையும் பிடித்த படைப்புழுவின் தாயும் இவ்வாறே முட்டைகளை மூடி வைக்கிறது. அப்புழுவின் தலையில் கவிழ்ந்த கவட்டைக்கோல் போன்ற வெளிறிய கோடும், வால்புறத்துக்கு முந்திய கணுவில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் காணலாம். இவ்விரண்டும் இருப்பின் சந்தேகம் வேண்டா. குருத்துக்குள் நுழைந்த பின்னர் அதனை மருந்து எட்டுவது கடினம்.

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு அனுப்புவோர் இடைக்கணுப்புழுவை அறிவர். அதன் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடும் டிரைக்கோகிரம்மா என்னும் குளவி ஊசிமுனை போன்றது. அதன் அட்டைகளை நான்காம் மாதம் முதல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக 6 தடவை தோகையில் கட்டுவது முறை. ஒருவர் அட்டை கட்ட, அடுத்த வரப்புக்காரர் அன்றே மருந்து தெளித்தால் அக்குளவி பிழைக்குமா? அட்டை கட்டும் நாளைச் சங்கத்திலேயே கூடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்றிரவு விளக்கடியில் பிடித்த சில பூச்சிகளும் ஒரு பூதக்கண்ணாடியும் இம்மேஜைமேல் உள்ளன. வரிசையாக வந்து, முதலில் முன்சிறகின் புள்ளியைப் பாருங்கள்.