கருப்பு அன்னாவின் முதுகு

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஓவியன் இல்லை, கவிதை எழுதுகிறவன். ஆனாலும் உழைக்கிற உடம்பைப் பத்திப் பேசணும்னா கேத்தே கோல்விட்ஸ் என்கிற ஜெர்மன் பெண்ணைத் தாண்டிப் போக என்னால முடியல. 1867இல் பிறந்து 1945இல் இறந்தவர். பெரும்பாலும் கருப்பு வெள்ளையிலேயே வேலை செய்தவர்.

ஜெர்மனியில் 1524-25இல் குடியானவர்கள் ஆண்டைகளை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். அந்தக் கலகத்தை 1902லிருந்து 1908 வரை உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, ஏழு அச்சோவியங்களாகச் செய்தார். முதல் தாளில் உழவு. மாடு கிடையாது. ரெண்டு ஆம்பளைங்க வாரை மாட்டிக்கிட்டு ஏர் இழுக்குறாங்க. உடம்பு கிட்டத்தட்டத் தரைக்குப் படுக்கைவசமாப் போயிடுச்சு. 'குனிந்த முதுகு'ன்னு ரெண்டே வார்த்தையில நாம தாண்டிடுறோம். இவரோ பாரம் எங்கே விழுது, இழுப்பு எந்தத் தோளில் வாங்குதுன்னு பார்த்துக் கோடு போடுகிறார்.

ரெண்டாவது தாளில் அசைவே இல்லை. வன்புணர்ச்சிக்கு ஆளான பெண் நசுங்கின செடிகளுக்கு நடுவே கிடக்கிறாள். பாதம் நம்ம பக்கம். முகம் சரியாகத் தெரியாதபடி தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. நம்ம பத்திரிகைகள் இந்த மாதிரிச் செய்திக்கு என்ன படம் போடும்னு உங்களுக்கே தெரியும்.

அதற்கடுத்து ஒருத்தி அரிவாளைத் தீட்டுகிறாள். கண் பாதி மூடியிருக்கு. கை மட்டும் பெருசு.

ஐந்தாவதுதான் 'கிளர்ச்சி'. கருப்பு அன்னா என்கிற பெண் ரெண்டு கையையும் தூக்கி நிற்கிறாள். நமக்குத் தெரிவது முதுகு. முன்னால் கூட்டம், ஏர் இழுத்தவர்களின் அதே முன்சாய்வில் பாய்கிறது. இதில் எனக்கு முக்கியமாப் படுவது ஒண்ணு: 1903இல் கிளர்ச்சியைத்தான் முதலில் முடித்தார். உழவுத் தாள் 1907இல் முடிந்தது. பாய்ச்சலைப் பார்த்துவிட்டு, அது எந்தக் குனிவிலிருந்து கிளம்பியதுன்னு பின்னோக்கிப் போயிருக்கிறார்.

தொழிலாளிகளைத் தான் வரையத் தொடங்கியது இரக்கத்தால் அல்ல, அவர்களின் அசைவு அழகாயிருந்ததால்தான் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். "நம்ம வேர்வை அந்தம்மாவுக்கு அழகா?" என்று தோழர் ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். நியாயமான கோபம். கோல்விட்ஸ் டாக்டர் மனைவி, ஏர் இழுத்தவரில்லை. வடக்கு பெர்லினில் கணவரிடம் வைத்தியத்துக்கு வந்த பெண்களோடு பழகின பிறகுதான் அந்த வாழ்க்கையின் அடி அவருக்குத் தெரிந்தது. இருந்தாலும் நான் அவர் பக்கம். இரக்கப்படுறவன் நம்ம உடம்பைப் பார்க்கிறதே இல்லை, நீட்டின கையைத்தான் பார்க்கிறான். நம்மைப் பத்தி வந்த எத்தனை படத்தில் நாம் நிமிர்ந்திருக்கிறோம், சொல்லுங்க!

அதிகாரம் அவரைச் சரியாகவே புரிந்துகொண்டது. 1898இல் நெசவாளர் கலகத் தொகுப்புக்கு நடுவர்கள் பரிந்துரைத்த பதக்கத்தை மன்னர் மறுத்தார். 1933இல் நாஜிகள் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள்.

ஆறாவது தாள் போர்க்களம். ராத்திரி. பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் மகனைத் தேடுகிறாள். விளக்கு வெளிச்சம் அவள் கையிலும் செத்த பையன் முகத்திலும் மட்டும். மறுபடி குனிவு. இது 1907. அவருடைய சொந்த மகன் பீட்டர் போரில் இறந்தது 1914 அக்டோபரில்.

ஏழாவதில் கைதிகள், கயிற்றால் கட்டி நெருக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பிரதிகளைச் சுற்றுக்கு விடுகிறேன். அன்னாவின் கைவிரல்களை மட்டும் கொஞ்சம் நிதானமாப் பாருங்க, தோழர்களே.