கடைத்தெருவைக் கேட்டுச் செய்யுங்கள்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் கடைத்தெருவைச் சீரமைப்பதென்றால் முதலில் யாரைக் கேட்க வேண்டும்? 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தரையில் கூடை வைத்துப் பூ விற்கும் அம்மாவும் அந்தக் குழுவில் உட்காரலாம்! இது அவருக்கே தெரியாமல் இருப்பதுதான் வேதனை.

இன்னொன்று. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடியபின், தங்கவயலில் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின்தான் திரும்புகிறார்கள். கடைத்தெருவின் எந்த முனையில் விளக்கில்லை என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பகல் பதினொரு மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டால் அவர்கள் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டுங்கள், அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டுங்கள். அழைப்பு வந்தால், நேயர்களே, தவறாமல் போய்ப் பேசுங்கள்.