பழைய மடிக்கணினியும் நமது கடமையும்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

சமயமும் இலக்கியமும் பேசப்படும் இம்மேடையில் மடிக்கணினியைப் பற்றிப் பேச எழுந்தது எதற்காக என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. அன்று தொட்டு, வசதி குறைந்த இல்லங்களிலும் புத்தகங்களின் பக்கத்தில் ஒரு மடிக்கணினி இடம்பிடித்துக்கொண்டது. பேராதனையிற் கற்கும் மாணவனுக்கு இன்று அதுவே கொப்பி, அதுவே நூல்நிலையம், அதுவே தபாற்பெட்டி. அது மந்தமானால் படிப்பும் மந்தமாகிறது.

மந்தமான அன்றே, "புதிது வாங்கவேண்டும்" என்ற பேச்சு எழுகிறது. பணத்திற்கு எங்கே போவது? அம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்துள் 350 ரூபாவைக் கடந்தது. அதன்பின் எமது ரூபா சற்று மீண்டதேனும் பழைய மதிப்பை எட்டவில்லை. கணினியோ இறக்குமதிப் பொருள். ஆதலின் இன்று நாம் சொல்ல வந்தது ஒன்றே: காரணம் காணாமற் காப்பை அடகு வைக்காதீர்கள்.

"கணினி கிழடாகிவிட்டது" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் மனிதனைப் போல் அது நரைத்துத் தளர்வதில்லை. கணக்கைச் செய்கின்ற செயலி, ஏழாண்டுக்கு முன் செய்த அதே கணக்கை அதே வேகத்தில் இன்றும் செய்யவல்லது. அவ்வாறாயின் மாறியது யாது? அதன்மேல் ஏற்றப்பட்ட சுமையும் அது இருக்கும் சூழலுமே மாறின.

காலை ஏழரை மணிக்கு நமது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நிற்கும் பஸ் வண்டியைச் சற்று எண்ணிப் பாருங்கள். எஞ்சினிற் பழுதில்லை, சாரதியிடத்திற் குறையில்லை, ஆயினும் வண்டி நகராது. மகாவலியைக் கடக்கும் வழி ஒடுக்கம். வந்து சேரும் வாகனங்களோ பல. அவ்வேளையில் இரட்டிப்பு வலுவுள்ள எஞ்சினைப் பூட்டினால் மட்டும் பஸ் பறந்துவிடுமா? மந்தமான கணினியின் உள்ளேயும் இப்படி ஒரு பாலம் உண்டு. அது எது என்று காண்பதே முதல் வேலை. மருந்துக்கு முன் நோயின் காரணத்தைத் தேடுமாறு வள்ளுவப் பெருந்தகை வைத்தியனுக்குக் கூறிய முறையும் இதுவன்றோ?

காண்பது கடினமன்று. விண்டோஸ் கணினியில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், டாஸ்க் மனேஜர் என்ற பலகை திறக்கும். செயலி, நினைவகம், வன்தட்டு ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு வேலையில் ஈடுபட்டிருக்கிறது என்பதை அது காட்டும். கணினியை இயக்கிப் பத்து நிமிடம் சென்றபின் பாருங்கள். எது 100ஐத் தொட்டு இறங்காமல் நிற்கிறதோ, அதுவே உங்கள் கணினியின் ஒடுங்கிய பாலம்.

முதலாவது, நினைவகம். கடைகளில் இதனை 'றம்' என்பர். றம் என்பது படிக்கும் மேசை. வன்தட்டு என்பது அலுமாரி. மேசை நிறைந்துவிட்டால், ஒரு புத்தகத்தை விரிப்பதற்கு இன்னொன்றை அலுமாரியில் வைக்கவேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் 4 ஜிகாபைட் றம்மே உண்டு. இணைய உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்தாலே அது நிரம்பிவிடும். ஆகவே வேண்டாதவற்றை மூடுங்கள். கணினியை இயக்கியவுடன் அழையாமலே எழுந்து வரும் மென்பொருள்களை அதே பலகையின் ஸ்டார்ட்அப் என்ற பகுதியில் நிறுத்திவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதன் பின்னரும் போதாதாயின், றம்மை 8 ஜிகாபைட்டாக உயர்த்தலாம். சில கணினிகளில் றம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற இயலாது. ஆதலின் விசாரித்தபின் வாங்குக.

இரண்டாவது, வன்தட்டு. பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டே உள்ளது. அதாவது வினாடிக்கு 90 சுற்று. கேட்கும் வேகம்தான்! ஆனால் வேண்டிய இடம் சுழன்று வந்து ஊசியின் கீழ் நிற்பதற்கு வினாடியில் நூறில் ஒரு பங்களவு நேரம் செல்லும். றம் விடை தருவதற்கோ அதனினும் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு குறைந்த நேரமே போதும். மேசை நிறைந்த கணினி தவிப்பது இதனாலேதான். தட்டை நீக்கி, சுழலும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்எஸ்டியைப் பூட்டினால், அதே பழைய கணினி புத்துயிர் பெற்றதுபோல் எழும். புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பங்கே இதற்குச் செலவாகும். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள்: திருத்தக் கொடுக்குமுன் உங்கள் கட்டுரைகளையும் படங்களையும் வேறோர் இடத்திற் பிரதி எடுத்து வைப்பது இன்றியமையாதது.

மூன்றாவது, வெப்பம். உள்ளிருக்கும் விசிறியில் தூசு அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தைமேலும் தலையணைமேலும் கணினியை வைத்துப் பாவிப்பவர்கள் அதன் மூக்கைப் பொத்துகிறார்கள் என்றே சொல்லவேண்டும். வாணி விழாவுக்கு முன் ஆயுதங்களைத் துடைத்துத் துப்புரவு செய்வது நம் முன்னோர் வகுத்த மரபு. பொட்டு வைக்கப்படும் மடிக்கணினிக்கும் அம்மரபு பொருந்தும். ஆண்டுக்கொரு முறை, அறிந்தவரைக் கொண்டு விசிறியைத் துப்புரவு செய்தாற் போதும்.

இனி, "ஒரு நொடியில் வேகமாக்குவோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பவேண்டாம். அவற்றுட் பல தாமே சுமையாகும். சில தீங்கும் செய்யும். வைரஸ் காவலுக்கு இரண்டு காவற்காரரை வைத்தால், இருவரும் ஒருவரையொருவர் தடுத்துக்கொள்வர். ஒருவரே போதும்.

மற்றுமொரு செய்தி. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11ஓ, பெரும்பாலும் 2017க்கு முன் வந்த செயலிகளை ஏற்பதில்லை. அப்படியானால் நல்ல நிலையிலுள்ள கணினிகளைக் குப்பையில் எறிவதா? வேண்டியதில்லை. 1991இல் பின்லாந்து தேசத்துப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இருக்கிறது. அதனை அடியாகக் கொண்டு எழுந்த பணிசெயல் முறைமைகள் பலவற்றை இலவசமாகப் பெறலாம். பழைய கணினிக்கென்றே இலேசாக ஆக்கப்பட்டவையும் உண்டு. தமிழில் எழுதலாம், கட்டுரை அச்சிடலாம், இணையம் பார்க்கலாம். கண்டியின் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி இலங்கையர் ஆக்கிய ஒரு லினக்ஸும் வெளிவந்ததுண்டு. ஒரு மாணவர் தொடங்கியதை உலகமே பாவிக்கும்போது, அதனை நிறுவிக்கொள்ள எம் இளைஞரால் இயலாதா?

எல்லாக் கணினியும் பிழைக்கும் என்று நாம் வாக்களிக்கவில்லை. பற்றரி வீங்கியிருந்தால் உடனே பாவனையை நிறுத்துங்கள், அது தீப்பற்றக்கூடியது. பொறியியல் வரைபடமும் திரைப்படத் தொகுப்பும் செய்பவர்க்குப் பழையது போதாது என்பதும் உண்மை. ஆனால் கட்டுரை எழுதவும் விரிவுரை கேட்கவும் வேண்டிய மாணவர்க்கு, திருந்திய பழைய கணினி போதுமானது.

ஆகவே மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். வாணி விழாவுக்கு முந்திய ஒரு சனிக்கிழமையைக் கணினித் திருத்த நாளாக வைப்போம். அறிந்த இளைஞர்கள் இரண்டு திருப்புளிகளோடு வரட்டும். அறியாதவர்கள் கற்க வரட்டும். மூலையிற் கிடக்கும் பழைய கணினிகளைப் பெரியோர் மனமுவந்து தரட்டும். அவற்றைத் திருத்தி, தோட்டப்புறத்திலிருந்து உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். சரஸ்வதிக்குச் செய்யும் பூசைகளுள் இதுவும் ஒன்றாகும்.

பெற்றோரே! பிள்ளை புதிய கணினி கேட்டால், மறுக்கவும் வேண்டாம். அன்றே காப்பைக் கழற்றவும் வேண்டாம். "பலகையைத் திறந்து பார்த்தாயா? எது நூறைத் தொடுகிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, கணினியை மட்டுமன்றி வீட்டின் வரவு செலவையும் அறிந்தவனாவான்.