யாழ்ப்பாண அணிக்கு யாழ்ப்பாணத்தில் இடம் எங்கே?

(தொண்டைமானாற்றில் விளையாட்டுக் கழகத்தவரும் தோட்டக்காரரும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



செல்வச்சந்நிதி முருகனின் வாசலுக்கு அண்மையில், ஆறு கடலோடு கலக்கும் இவ்விடத்தில் நின்று விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அதற்குத் தொண்டைமானாற்றுக்கு உரிமை உண்டு. 1954 ஆம் ஆண்டிலே பாக்குநீரிணையை நீந்திக் கடந்த மு. நவரத்தினசாமி இவ்வூர் மைந்தர். அவருக்கு அரங்கம் கட்டிக் கொடுத்தார் எவருமிலர். கடலே அவருக்கு அரங்கமாயிற்று. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கடலைப் பற்றியதன்று. காணியையும் நீரையும், நம்முடைய பெயரையும் பற்றியது.

லங்கா பிரீமியர் லீக் என்னும் துடுப்பாட்டத் தொடர் 2020 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அதிலே யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியொன்றும் களமிறங்கியது. முதலாண்டில் அதற்கு யாழ்ப்பாணம் ஸ்ராலியன்ஸ் என்று பெயர். மறு ஆண்டு யாழ்ப்பாணம் கிங்ஸ் ஆயிற்று. 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து கிண்ணத்தை வென்றது. 2023 இல் தவறவிட்டதை 2024 இல் மீட்டது. ஐந்து தொடர்களில் நான்கு வெற்றிகள்! இந்த வெற்றிகளையெல்லாம் அது எங்கே பெற்றது? முதல் தொடர் முழுவதும் அம்பாந்தோட்டையில் நடைபெற்றது. பின்னர் கொழும்பிலும், கண்டியை அடுத்த பல்லேகலையிலும், தம்புள்ளையிலும் ஆடினார்கள். ஐந்து தொடர்களில் ஒரு நாளேனும், ஓர் ஓவரேனும், யாழ்ப்பாணத்து மண்ணில் யாழ்ப்பாண அணி பந்து வீசியதில்லை.

பிள்ளைக்குப் பெயர் நம்முடையது, வளர்வது அயலார் முற்றத்தில் என்பது போன்றது இது.

இப்பொழுது அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவரும் பேச்சு எழுந்திருக்கிறது. 2025 செப்டெம்பர் 1 ஆந் திகதி, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்கள் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட அரங்கொன்றுக்கு அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 138 ஏக்கரில் விளையாட்டு நகரமொன்று, அதனுள்ளே 40,000 பேர் அமரக்கூடிய அரங்கம் என்பதே அறிவிப்பு. பண்ணைப் பாலத்தைக் கடந்தால் மண்டைதீவு. யாழ்ப்பாண அணி இனி அங்கே குடியேறும் என்று நம் இளைஞர் மகிழ்கிறார்கள்.

“நீர் இந்த அரங்கத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?” என்று வழியில் என்னைக் கேட்டார் ஒரு நண்பர். நான் ஆதரவாளன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் இவ்வணியில் ஆடினார். 2024 இல் இந்தியன் பிரீமியர் லீக்கில் ஹைதராபாத் அணிவரை சென்றார். பாய் விரித்த ஆடுகளத்தில் பழகிய வடபுலத்து மாணவனொருவன் புற்றரைக்குப் பழகுவதற்காகத் தெற்கே குடிபெயர வேண்டியிருக்கிறது. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதுகின்ற வடக்கின் பெரும்போர் 1904 இல் தொடங்கியது. நூறாண்டுக்கு மேற்பட்ட அத்தகைய மரபுடைய ஒரு மக்களுக்கு நல்ல அரங்கமொன்று கிடைத்தால் அதனை எதிர்ப்பவன் மூடன். ஆனால் அரங்கம் வந்தால் அணி வந்துவிடும் என்று எண்ணுகிறவனை என்னவென்று சொல்வது?

அரங்கம் வேறு, அணி வேறு. இதனை நம்மவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். அணி என்பது உரிமையாளர் ஒருவர் விலை கொடுத்து வாங்குகின்ற சொத்து. அந்தச் சொத்திலே மிகுந்த விலையுள்ள பகுதி எது? மட்டையா, பந்தா, வீரர்களா? வீரர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். மாறாமல் இருப்பது ‘யாழ்ப்பாணம்’ என்னும் பெயர். கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கின்ற நம் உறவினர் நள்ளிரவில் விழித்திருந்து தொலைக்காட்சி பார்ப்பது அந்தப் பெயருக்காக. பெயரைக் கொடுத்தவர்கள் நாம். பெயருக்கு ஈடாக நமக்கு என்ன எழுதித் தரப்பட்டிருக்கிறது? 2025 ஏப்ரலில் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் அன்றைய உரிமையாளரின் ஒப்பந்தத்தை இரத்துச் செய்தது. அவ்வாண்டு இறுதியில் நடைபெறவிருந்த தொடரும் ஒத்திவைக்கப்பட்டது. ஆகவே உரிமையாளர் வருவார், போவார். ‘இப்பெயரைத் தாங்குகின்ற அணி, அரங்கம் ஆயத்தமான நாளிலிருந்து ஆண்டுதோறும் இத்தனை போட்டிகளை யாழ்ப்பாணத்தில் ஆடியே தீரவேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் ஏறாதவரை, மண்டைதீவில் கட்டப்படுவது யாழ்ப்பாண அணியின் வீடு ஆகாது, வெறும் கட்டடம்.

வெறும் கட்டடம் எப்படியிருக்கும் என்பதை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டாம். 2011 உலகக் கிண்ணத்துக்காக அம்பாந்தோட்டைச் சூரியவெவவில் 35,000 பேருக்கு அரங்கம் கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி அது ஆளரவமின்றிக் கிடக்கிறது. திருமண விருந்துக்கு வாடகைக்கு விட்ட செய்தியும் பத்திரிகைகளில் வந்தது. அரங்கம் இருந்தும் ஆட்டம் இல்லை.

மாறாக, மக்கள் நிறைந்த ஊரை விட்டே அணி ஓடிய கதையும் உண்டு. நியூயோர்க்கில் புரூக்ளின் என்னும் பகுதியின் டொட்ஜர்ஸ் அணி, தொழிலாளரும் குடியேறிகளும் உயிராகப் போற்றிய அணி. அதன் உரிமையாளர் வோல்ரர் ஓமாலி புதிய அரங்கத்துக்கு இடம் கேட்டார்; அவர் கேட்ட இடத்தை நகர அதிகாரிகள் கொடுக்கவில்லை. 1957 ஆம் ஆண்டுடன் அணியை மூட்டை கட்டிக்கொண்டு மூவாயிரம் மைல் அப்பாலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டார். புரூக்ளின் மக்களின் கண்ணீருக்கு ஒப்பந்தத்தில் இடமிருக்கவில்லை. 1960 இல் பழைய அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள்.

அந்தக் கதையின் மறுபாதிதான் இந்த ஊரிலிருப்பவர்கள் செவிமடுக்க வேண்டியது. லொஸ் ஏஞ்சல்ஸில் அணி எங்கே அரங்கம் கட்டியது? சாவேஸ் பள்ளத்தாக்கு என்னும் இடத்தில் மெக்சிக்க மரபினரான ஏழைக் குடும்பங்கள் வீடும் தோட்டமுமாக வாழ்ந்தன. பொதுமக்களுக்கு வீடமைப்புத் திட்டம் என்று சொல்லி 1950 களின் தொடக்கத்தில் அவர்களை எழுப்பினார்கள். வீடமைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. காணி திரும்பியதா? இல்லை; டொட்ஜர்ஸ் அணிக்குப் போயிற்று. எஞ்சியிருந்த கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதத்தில் காவலர் தூக்கி வெளியேற்றினர். 1962 இல் அரங்கம் திறக்கப்பட்டது.

ஒன்றுக்கென்று எடுத்த காணி வேறொன்றுக்குப் போவது! தொண்டைமானாற்றாருக்கு இதனை விளக்கவும் வேண்டுமா? கீரிமலையிலிருந்து இவ்வூர்வரை உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி விழுந்தது. 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் பொதுத் தேவை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். பாதுகாப்புக்கென்று மக்களை விலக்கிவைத்த அந்தக் கரையிலே, காங்கேசன்துறையில், இராணுவத்தினர் ‘தல்செவன’ என்று உல்லாச விடுதி நடத்தினார்கள். சிறிது சிறிதாகக் காணிகள் விடுபட்டன. விடுபடாதவற்றுக்காக உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைபவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கிறார்கள். எனவே 138 ஏக்கர், அதாவது 2,200 பரப்புக்கு மேல், விளையாட்டுக்கு என்று சொல்லப்படும்பொழுது, அதில் அரங்கத்துக்கு எவ்வளவு, மைதானங்களுக்கு எவ்வளவு, மிகுதி எதற்கு, யார் பெயரில் என்பதை வரைபடத்தோடு கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பது அபிவிருத்திக்குத் தடை போடுவதாகாது.

இனி, சொல்லக் கடினமான ஒன்று. 1990 ஆகஸ்டில் மண்டைதீவிலும் அயற் கிராமங்களிலும் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை. அத்தீவின் கிணறுகளைத் தோண்டிப் பார்க்கவேண்டும் என்று உறவினர் கேட்டுவருகிறார்கள். இது வீண் ஐயமா? யாழ் நகரின் துரையப்பா விளையாட்டரங்கிலே 1999 இல் கட்டட வேலையின்போது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அதே அரங்கம் இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. இன்று பிள்ளைகள் அங்கே ஓடுகிறார்கள். 2025 இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் எரியூட்டும் மண்டபத்துக்கு மண் வெட்டியபோதுதான் முதல் எலும்புகள் கண்டன. அவ்வாண்டிலேயே 200 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. ஆகவே மண்டைதீவில் கொங்கிறீற்று விழுவதற்கு முன்னரே கிணறுகளும் நிலமும் நீதிமன்ற மேற்பார்வையில் ஆராயப்படவேண்டும். சில மாதங்கள் தாமதமாகட்டும். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருக்கும் தாய் இருக்கையில், அணி ஒரு பருவம் காத்திருக்கலாகாதா?

தோட்டக்காரத் தோழர்களே, உங்கள் கணக்குக்கு வருகிறேன். எல்லைக்கோடு நடுவிலிருந்து 80 மீற்றர் என்று கொண்டால், விளையாடும் புற்றரை மாத்திரம் ஏறத்தாழ 5 ஏக்கர், 80 பரப்பு. ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல நீர் இறைத்தால் ஒரு லட்சம் லீற்றருக்குச் சற்று அதிகம். ஐந்து ஏக்கருக்கு ஒரு முறை இறைப்பு ஐந்து லட்சம் லீற்றர்! வைகாசி, ஆனி வெயிலில் எத்தனை முறை இறைக்கவேண்டும் என்பதை வெங்காயம் நட்ட உங்களைவிட யார் நன்கு அறிவார்? பெருநிலத்திலேயே நமக்கு ஆறு கிடையாது. சுண்ணக் கல்லின் பொந்துகளில் மழைநீர் தங்குவதே நம் செல்வம். தீவிலோ அது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். புல்லுக்கு இடும் உரமும் மருந்தும் அந்தப் படலத்துக்கே இறங்கும். மழைநீரைச் சேகரித்தும், கழிவுநீரைச் சுத்திகரித்தும், கடல்நீரை நன்னீராக்கியும் புல் வளர்க்க வழியுண்டு. எந்த வழி, யார் செலவு என்பது பணி முன்னேறுமுன் தெரியவேண்டும். கண்டற் காடுகளையும் வலசைப் பறவைகளையும் எண்ணிச் சுற்றாடல் ஆர்வலர்கள் எழுப்பிய கேள்விகளும் இதனோடு சேர்ந்தவையே.

உப்பும் நன்னீரும் இவ்வூருக்குப் புதியனவல்ல. கருணாகரத் தொண்டைமான் இந்த ஆற்றை வெட்டியது உப்பு ஏற்றிச் செல்வதற்கு என்பது மரபுக் கதை. பிற்காலத்தில், வடமராட்சி நீரேரியில் கடல்நீர் ஏறாமல் காக்க இங்கே தடுப்பணை கட்டினார்கள். அதன் கதவுகள் பழுதடைந்து கிடந்த காலத்தில் வயற்காரர் பட்ட பாட்டை முதியவர்கள் மறந்திரார்கள். ஒரு கதவுக்குப் பலகை மாற்றப் பணமில்லை என்றவர்கள், 40,000 ஆசனத்துக்குப் பணம் உண்டு என்கிறார்கள். நல்லது, மகிழ்ச்சி!

நீரும் விளையாட்டும் மோதினால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு 2018 இல் கண்டது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு விவசாயிகள் தவித்த வேளையில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இரண்டாண்டுத் தடை நீங்கிச் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. ஏப்ரல் 10 ஆந் திகதி ஒரேயொரு போட்டி நடந்தது. வெளியே மறியல், உள்ளே செருப்பு வீச்சு. மிகுதிப் போட்டிகள் பூனாவுக்கு மாற்றப்பட்டன. இரசிகர்கள் தனி ரயிலில் பூனாவுக்குச் சென்று பார்த்தார்கள். மறு ஆண்டு அணி சென்னைக்குத் திரும்பிவிட்டது. செருப்பு வீச்சை நான் ஏற்கவில்லை. வீரர் செய்த குற்றம் என்ன? ஆனால் வயல் காய்ந்திருக்கும் ஊரில் ஆட்டம் நிம்மதியாக நடக்காது என்பதை உரிமையாளர் எவரும் உணர்ந்திருக்கவேண்டும்.

“அரசாங்கம் வலியக் கொடுக்க வருகிறது, நீங்கள் நிபந்தனை பேசி அதனையும் கெடுத்துவிடாதீர்கள்” என்று அறிவுரை கூறுவோர் நம்மிடையே உளர். படித்தவர்களே பெரும்பாலும் இப்படிப் பேசுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மருத்துவமனைக்குக் கட்டடம் மாத்திரம் கிடைத்து வைத்தியர் கிடைக்காதபோது நீங்கள் வாய்மூடி இருந்தீர்களா? அரங்கத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. அணிக்கு வீடு எது என்று எழுதும் பேனாவை இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்வது நன்றிகேடு ஆகுமா?

அரங்கம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தொடர் தொடங்குமுன் பத்து நாள் பயிற்சி முகாமை யாழ்ப்பாணத்தில் நடத்தட்டும். மத்திய கல்லூரி மைதானத்திலோ வேறெங்கோ நம் கழக இளைஞருடன் இரண்டொரு நட்புப் போட்டி ஆடட்டும். பருத்தித்துறையிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் பிள்ளைகள் சைக்கிளில் வந்து பார்ப்பார்கள். அதற்கு 40,000 ஆசனம் வேண்டாம். மர நிழல் போதும். இதனைக்கூடச் செய்ய மனமில்லாத உரிமையாளர், நாளை மண்டைதீவுக்கு மனமுவந்து வருவார் என்று நான் நம்பவில்லை.

தீர்மான வரைவு உங்கள் முன் இருக்கிறது. அணியின் ஒப்பந்தத்தில் யாழ்ப்பாணப் போட்டிகளைக் கட்டாயமாக்கும் வாசகம், கிணறுகளையும் நிலத்தையும் ஆராய்தல், நீருக்கும் காணிக்குமான திட்டத்தைத் தமிழில் வெளியிடுதல் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. கழகத் தோழர் ஒருவர் பயிற்சி முகாமையும் சேர்க்கவேண்டும் என்று திருத்தம் கொடுத்திருக்கிறார். அதனை நான் ஏற்றுக்கொள்கிறேன். செயலாளர் இப்பொழுது தீர்மானத்தை வாசிப்பார்.