போர்நிறுத்தம் முதல் சமாதானம் வரை: கொரிய அனுபவம்

(மும்பையில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இந்த வகுப்புக்காக எனக்கு அனுப்பப்பட்ட தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. நாடுகளுக்கிடையே மூளும் ஆயுத மோதல்களை 'நிர்வகித்தல்', 'தீர்த்தல்' என இரு சொற்கள் அதில் அருகருகே நின்றன. கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் அன்றாடப் பணி என்பதால், பேசுவதற்கு முன் தலைப்பைத் தமிழாக்கிப் பார்த்தேன். 'தீர்த்தல்' என்பதில் சிக்கல் இல்லை. 'நிர்வகித்தல்' என்ற சொல்லில்தான் பேனா நின்றுவிட்டது. ஆலையை நிர்வகிக்கலாம், கூட்டுறவுச் சங்கத்தை நிர்வகிக்கலாம். மக்கள் மடிந்துகொண்டிருக்கும் ஒரு போரை ஒருவர் நிர்வகிக்கிறார் என்றால் அவர் யார்? எவர் நலனுக்காக நிர்வகிக்கிறார்? எதுவரை?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் சீஸ்ஃபயர், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ் என்று தனித்தனிச் சொற்கள் வழங்குகின்றன. நாம் அனைத்தையும் 'போர்நிறுத்தம்' என்றே எழுதிவிடுகிறோம். பண்டைத் தமிழ் இவ்விஷயத்தில் வறுமைப்பட்டதன்று. பகைவர் இருவரை இணக்குவதற்குச் 'சந்து செய்தல்' என்ற சொல் உரையாசிரியர்களிடம் பயில்கிறது. உறையூரில் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் முற்றுகையிட்டிருந்த நலங்கிள்ளிக்கும் இடையே கோவூர் கிழார் நின்று பேசிய பாட்டு, புறநானூற்றில் 45ஆவது. அதற்குத் துணைவஞ்சி என்று துறையும் வகுத்திருக்கிறார்கள். இருவரும் ஒரே குடியினர், எவர் தோற்றாலும் தோற்பது அக்குடியே என்பது புலவரின் வாதம். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் கொரியாவுக்கும் அவ்வாதம் பொருந்தும்.

கொரியாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஒரே போரில் தலைப்பின் இரு சொற்களையும் அங்கே காண முடிகிறது என்பதுதான். நிர்வகித்தல் அங்கே வெற்றி பெற்றது. தீர்த்தல் இன்றுவரை நிகழவில்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் தறுவாயில், அமெரிக்க இராணுவ அதிகாரிகள் இருவர் ஒரு பத்திரிகை வெளியிட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் 38ஆம் அட்சக்கோட்டைப் பிரிவினைக் கோடாகத் தேர்ந்தெடுத்தார்கள். சோவியத் தரப்பும் அதை ஏற்றது. கொரியர் எவரையும் எவரும் கேட்கவில்லை. 1948இல் இரண்டு அரசுகள் உருவாயின. தெற்கில் இடதுசாரிகள் வேட்டையாடப்பட்டார்கள். கோட்டின் இருபுறமும் மோதல்கள் நடந்துகொண்டிருந்தன. 1950 ஜூன் 25 அன்று பெரும்போர் மூண்டது. யார் முதலில் சுட்டது என்பது குறித்து நம் இயக்கத்தில் நெடுங்காலம் ஒரு விடை வழங்கிவந்தது. 1990களில் திறக்கப்பட்ட சோவியத் ஆவணங்கள், வடக்கின் படையெடுப்புக்குக் கிம் இல் சுங் ஸ்டாலினின் இசைவைக் கேட்டுப் பெற்றதைக் காட்டுகின்றன. உள்நாட்டுப் போர் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்தது என்பதும் உண்மை, அந்நாளில் எல்லை கடந்த படை எது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இந்தியா போர்ப்படை அனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை மட்டுமே அனுப்பியது. அதைவிட முக்கியமானது, இரு தரப்போடும் பேசும் வாயிலை அது மூடவில்லை. 1950 அக்டோபர் 2ஆம் நாள் நள்ளிரவில், பெய்ஜிங்கில் இந்தியத் தூதராக இருந்த கே.எம். பணிக்கரைச் சூ என்லாய் வரவழைத்து, அமெரிக்கப் படை 38ஆம் கோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்று அறிவித்தார். தில்லி வழியாகச் செய்தி வாஷிங்டனை எட்டியது. பணிக்கர் நம்பத் தகாதவர் என்று அங்கே ஒதுக்கிவிட்டார்கள். அம்மாதத்திலேயே சீனத் தொண்டர் படை யாலு ஆற்றைக் கடந்தது. தூது சரியாகவே சென்றது, கேட்கும் செவிதான் இல்லை.

1951 ஜூலை 10 அன்று கேசோங்கில் பேச்சு தொடங்கியது. பின்னர் பன்முன்ஜோமுக்கு மாறியது. போர்முனை ஏறத்தாழப் பழைய கோட்டின் அருகிலேயே நிலைத்துவிட்டது. இனி எத்தரப்பும் வெல்லப் போவதில்லை என்பது தளபதிகளுக்குத் தெரிந்திருந்தது. எனினும் பேச்சு ஈராண்டுகள் நீண்டது. அந்த ஈராண்டுகளிலும் குண்டுகள் ஓயவில்லை. அமெரிக்கத் தரப்பு இழப்புகளிலேயே ஏறத்தாழப் பாதி, பேச்சு தொடங்கிய பிறகு நேர்ந்தவை. வடக்கின் பாசன அணைகள் குண்டுவீசித் தகர்க்கப்பட்டது 1953 மே மாதத்தில், அதாவது பேச்சு முடியும் தறுவாயில்! போர் முழுவதிலும் மாண்டவர் 20 லட்சத்துக்கும் மேல்.

பேச்சு இவ்வளவு நீண்டது எதனால்? எல்லைக்கோடு 1951 நவம்பரிலேயே பெரும்பாலும் ஒத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. பேச்சை முடக்கியது போர்க்கைதிகள் பிரச்சினை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 118ஆவது பிரிவு, சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் தாயகம் அனுப்ப வேண்டும் என்கிறது. வாஷிங்டன் அதில் ஒரு சொல்லைச் சேர்த்தது: 'விரும்பினால்'. கேட்பதற்கு மனிதநேயமாகவே ஒலிக்கும். வர விரும்பாதவனைக் கட்டி இழுத்து வா என்று எந்தச் சோசலிஸ்ட் சொல்வான்? ஆனால் கைதி முகாம்களில் நடந்ததையும் பார்க்க வேண்டும். சியாங் கை ஷேக்கின் ஆட்கள் முகாம்களில் கொட்டாரங்களைத் தம் பிடியில் வைத்திருந்தார்கள். கைதிகளின் உடலில் கம்யூனிச எதிர்ப்பு முழக்கங்களைப் பலவந்தமாகப் பச்சை குத்தினார்கள். அவ்வுடலோடு ஒருவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊர் திரும்புவான்? 1,16,000 பேர் திரும்பக்கூடும் என்று முதலில் கோடி காட்டிய அமெரிக்கத் தரப்பு, 1952 ஏப்ரலில் 70,000 என்றது. பேச்சு முறிந்தது. அந்த ஒரு சொல்லுக்காகப் போர் மேலும் ஓராண்டுக்கு மேல் நடந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க வழி காட்டியவர் வி.கே. கிருஷ்ண மேனன். 1952 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் அவர் முன்வைத்த திட்டத்தின் சாரம் எளியது. கைதிகளைப் பிடித்து வைத்திருப்பவர் கையிலிருந்து எடுத்து நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் ஒப்படைப்பது, அங்கே வைத்து அவரவர் விருப்பத்தைக் கேட்பது. அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் அச்சிசன் தொடக்கத்தில் எதிர்த்தார். விஷின்ஸ்கி இன்னும் கடுமையாக எதிர்த்தார். டிசம்பர் 3 அன்று தீர்மானம் 54க்கு 5 என்ற வாக்கில் நிறைவேறியபோது எதிர்த்த ஐந்தும் சோவியத் அணி வாக்குகள். சீனாவும் நிராகரித்தது. ஆனால் ஸ்டாலின் மறைந்து ஒரு மாதம் முடிவதற்குள், 1953 மார்ச் 30 அன்று, சூ என்லாய் ஏறத்தாழ அதே வழியை ஏற்பதாக அறிவித்தார். இடைப்பட்ட நான்கு மாதங்களில் மாண்டவர்கள் எத்தரப்புக் கணக்கில் வருவார்கள் என்று நான் கேட்பதுண்டு. நல்ல திட்டத்தைப் பகைவர் சபையில் பிறந்தது என்பதற்காக மறுப்பது அரசியல் உறுதி ஆகாது.

1953 ஜூலை 27 காலை பத்து மணிக்குப் பன்முன்ஜோமில் இரு தளபதிகள் வந்தார்கள். கொரியம், சீனம், ஆங்கிலம் என மும்மொழியில் அமைந்த 18 பிரதிகளில் கையெழுத்திட்டார்கள். ஒரு சொல்லும் பேசாமல் சென்றார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின் துப்பாக்கிகள் ஓய்ந்தன. தென்கொரியா கையெழுத்திடவே இல்லை. அதன் அதிபர் சிங்மன் ரீ, ஜூன் மாதத்திலேயே ஏறத்தாழ 27,000 கைதிகளைத் தன்னிச்சையாகத் திறந்துவிட்டு உடன்படிக்கையைக் குலைக்கப் பார்த்தவர்.

அதன்பின் வடக்குக்கு 75,000க்கும் மேற்பட்டோரும் தெற்குக்கு 12,000க்கும் மேற்பட்டோரும் திரும்பினார்கள். திரும்ப மறுத்த 22,604 பேரும், மறுதரப்பிலிருந்து மறுத்த 359 பேரும் இந்தியப் பாதுகாப்பில் வந்தார்கள். ஆணையத்தின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் திம்மய்யா, காவல் படையின் தலைவர் மேஜர் ஜெனரல் தோரட். இந்தியச் சிப்பாய்கள் தென்கொரிய மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று ரீ அறிவித்துவிட்டதால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று அவர்களை நடுவலயத்தில் இறக்கினார்கள். அங்கே எழுந்த பாசறைக்கு 'ஹிந்த் நகர்' என்று பெயரிட்டார்கள்.

அவர்களை எத்தரப்பும் நம்பவில்லை. கைதிகளே ஓர் இந்திய மேஜரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தோரட் நேரே உள்ளே சென்று பேசி அவரை மீட்டார். வேறு தருணங்களில் காவல் படை சுட நேர்ந்து, கைதிகள் சிலர் இறந்ததும் உண்டு. ஒவ்வொரு கைதிக்கும் அவன் நாட்டுப் பிரதிநிதி விளக்கம் அளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொட்டாரத் தலைவர்கள் அதைத் தடுத்தார்கள். தொண்ணூறு நாட்களில் ஒரு சிறு பகுதியினருக்கே விளக்கம் சென்றடைந்தது. முகாம்களில் அச்சுறுத்தல் நிலவியதை இந்தியா, போலந்து, செக்கோஸ்லோவாகியா ஆகிய மூன்றும் பெரும்பான்மை அறிக்கையில் பதிவு செய்தன. இறுதியில் 1954 ஜனவரியில், எஞ்சியவர்களைப் பழைய காவலரிடமே திம்மய்யா திருப்பி ஒப்படைத்தார். போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் அதை ஆட்சேபித்தன. எனக்கும் அது குறையாகவே தோன்றுகிறது. ஆயினும் அவரிடம் வேறு என்ன அதிகாரம் இருந்தது? நடுவர் கையில் காவல் பொறுப்பு இருந்தது, முடிவெடுக்கும் ஆற்றல் அவருக்கு அளிக்கப்படவில்லை.

வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் தைவானும் வேண்டாம் என்ற 88 பேர் மட்டும் இந்தியக் கப்பலணியோடு புறப்பட்டு, 1954 பிப்ரவரியில் நம் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். பெரும்பாலோர் பின்னர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றார்கள், சிலர் இங்கேயே தங்கினார்கள். நடுநிலை நாட்டுக்குக் கப்பலேறும் இப்படிப்பட்ட ஒரு கைதியை நாயகனாக வைத்துத்தான் சோய் இன் ஹுன் 1960இல் 'சதுக்கம்' என்ற நாவலை எழுதினார். கொரிய இலக்கியத்தில் அது பெரும்பெயர் பெற்றது.

இனி உடன்படிக்கையின் வாசகத்துக்கு வருகிறேன். இதன் விதிகள் முற்றிலும் இராணுவத் தன்மையானவை என்று முகப்புரையே சொல்லிவிடுகிறது. அரசியல் தீர்வுக்கு 60ஆவது பத்தி ஒன்றுதான் உண்டு. மூன்று மாதங்களுக்குள் அரசியல் மாநாடு கூட்டப்பட வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. பரிந்துரைக்கிறது, அவ்வளவே. அம்மாநாட்டில் இந்தியா இடம்பெறுவதை அமெரிக்கா எதிர்த்தது, இந்தியா விலகிக்கொண்டது. கைதிகளைக் காக்கச் சிப்பாய்களை அனுப்பிய நாட்டுக்கு, சமாதானம் பேசும் மேசையில் நாற்காலி இல்லை! மாநாடு ஜெனீவாவில் 1954 ஏப்ரல் 26இல் தொடங்கி, ஜூன் 15இல் கொரியா குறித்து எந்த முடிவும் இன்றிக் கலைந்தது. புதிய ஆயுதங்களைக் கொண்டுவரக் கூடாது என்ற 13(ஈ) விதியை இனி மதிக்கப் போவதில்லை என்று 1957 ஜூனில் அமெரிக்கா அறிவித்தது. 1958 ஜனவரியில் தெற்கில் அணு ஆயுதங்கள் வந்திறங்கின. 1991 வரை அவை அங்கேயே இருந்தன. வடக்கின் அணுத் திட்டத்தைப் பற்றி இன்று எழுதுவோர் பெரும்பாலும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.

தோழர்களே, நம்மிடையே இரு வகைப் பேச்சுகளைக் கேட்கிறேன். போர்நிறுத்தம் என்பது முதலாளித்துவ அரசுகளின் பேரம், அதில் நமக்கென்ன என்பார் ஒரு சாரார். அவர்களிடம் அந்த ஈராண்டுக் கணக்கைக் காட்டுங்கள். கோடு முடிவான பின் மடிந்தவர்கள் தொழிலாளர், உழவர் வீட்டுப் பிள்ளைகள். இன்னொரு சாரார், போர்நிறுத்தம் கையெழுத்தானதும் சுவரொட்டியில் 'சமாதானம்' என்று அச்சடித்துவிடுகிறார்கள். காசாவுக்காக நாம் வீதியில் நின்று போர்நிறுத்தம் கோரியபோதும் நம் துண்டறிக்கைகள் பல, அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டன. யார் கண்காணிப்பது, கைதிகள் கதி என்ன, அரசியல் பேச்சு எந்தத் தேதிக்குள், அது தவறினால் என்ன, மேசையில் யாருக்கு இடம் என்று கேட்கும் வாக்கியங்களும் துண்டறிக்கையில் இருக்க வேண்டும். இவை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடும் சில்லறை விவரங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பன்முன்ஜோமில் சமாதானம் இத்தகைய விவரங்களில்தான் கைநழுவியது.

அன்று நள்ளிரவில் பெய்ஜிங் அழைத்ததும் வாஷிங்டனுக்குச் சொல்லியனுப்ப ஒரு தூதர் நமக்கு இருந்தார். அமெரிக்காவுடன் இராணுவ ஒப்பந்தங்களை வரிசையாகச் செய்துகொண்டிருக்கும் இன்றைய இந்திய அரசை, அப்படி நம்பி அழைக்க மறுதரப்புக்கு என்ன காரணம் இருக்கிறது? அணிசேராக் கொள்கையை நாம் மீண்டும் கோருவது பழமைப் பற்றினால் என்று சிலர் எழுதுகிறார்கள். இடையே நிற்க இடம் வேண்டும் என்பதற்காகவே கோருகிறோம்.

போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நான்கு நாடுகளின் குழு அமைக்கப்பட்டது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். அதில் செக்கோஸ்லோவாகியக் குழுவினரை 1993இலும் போலந்துக் குழுவினரை 1995இலும் வடகொரியா வெளியேற்றிவிட்டது. சுவீடன், சுவிட்சர்லாந்து நாடுகளின் அதிகாரிகள் சிலர், சில மாதங்களுக்கென்று போடப்பட்ட அந்த ஏற்பாட்டின்படி, இன்றும் பன்முன்ஜோமில் கோட்டின் தென்புறத்தில் பணிபுரிகிறார்கள். இனித் தோழர்கள் கேள்விகளைக் கேட்கலாம்.